மலையைப் பார்த்துச் சொன்னது

பால் சொசைட்டியில் காலைக் கறவையை அளந்து முடித்து, லாக்டோமீட்டரைக் கழுவித் துடைத்து உறையில் இட்டுவிட்டு அருணாதேவி வீடு திரும்பியபோது, பின்கட்டிலிருந்து தகரத்தைச் சுரண்டும் ஓசை வந்துகொண்டிருந்தது. எலியின் வேலையன்று அது. ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் போய்த் திரும்பும் மனிதக் கையின் ஓசை. செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தாள். அவள் கணவன் திருமலை தன் கறுப்பு டிரங்குப் பெட்டியின் மூடியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பட்டாளத்தில் சேர்ந்த நாள்முதல் அவனோடு மலையும் பாலையும் சுற்றிவந்த பெட்டி அது. அவனுடைய எண், ஹவில்தார் என்னும் பதவி, பெயர் ஆகிய மூன்றும் மூடியின்மேல் வெள்ளை எழுத்தில் இருந்தன. இப்போது எண்ணையும் பதவியையும் காணவில்லை. பெயரில் பாதிதான் மிஞ்சியிருந்தது.

"இன்னாங்க பண்றீங்க?"

"பழசாயிடுச்சி. புதுசா எழுதணும்."

"பெயிண்ட்டு எங்க?"

தேய்த்த கை நின்றது. அந்தக் கேள்வியை எதிர்பாராதவன்போல அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"வாங்கணும்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் தேய்க்கலானான்.

மறுநாள் மாலை காட்பாடியில் அவனுக்கு ரயில். விடுப்பு முடிந்து திரும்பும் பட்டாளத்துக்காரன் புறப்படுமுன் வீட்டைச் சீர்செய்து வைப்பது அந்த ஊரில் புதிதன்று. திருமலையும் எல்லா விடுப்பிலும் ஒரு குழாயைத் திருத்துவான், கூரையில் உடைந்த ஓடு ஒன்றை மாற்றுவான். இம்முறை அவன் எதையும் விட்டுவைக்கவில்லை. மிக்ஸியின் வயரை மாற்றினான். கதவின் கீல்களுக்கு எண்ணெயிட்டான். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுத்து, அவளையே செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தான். அவள் சரியாகச் செய்து முடித்ததும் பாராட்டவில்லை. பாரம் இறங்கியவன்போல மூச்சு விட்டான். அந்த மூச்சு அப்போதே அவளை உறுத்தியது. பெயரை அழிக்கும் இந்த ஓசை அதைவிட அதிகமாக உறுத்தியது.

சில நாள்களுக்கு முன்னர்தான் அவன் அவளிடம் மனத்தைத் திறந்தான். கேணிக்கரைப் பக்கம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு எதுவும் இல்லாமல், திடீரென்று சொன்னான்.

"தேவி, துப்பாக்கிய கையில எடுத்தா கை நடுங்குது. எதிரியப் பாத்து இல்ல. அது என் பக்கமே திரும்பிக்கும்போல இருக்கு. ராத்திரியில கண்ண மூடினா அதே நெனப்புதான்."

அவள் கையிலிருந்த அரிவாள் நழுவியது. டாக்டரிடம் போகலாம் என்றாள், பட்டாளத்தில் சொல்லலாம் என்றாள். அவன் பதறிப்போனான். சொன்னால் ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டோரில் அரிசி அளக்க வைப்பார்கள். உடல்தகுதியில் அவனை ஒருபடி கீழே தள்ளிக் 'கேட்டகிரி' போடுவார்கள். கைக்கு எட்டவிருக்கும் நாயப் சுபேதார் பதவி போகும். நேற்று சேர்ந்த பயல்கள்கூடப் 'பைத்தியம் போவுது பாரு' என்பார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவள் தோளைப் பிடித்து வடக்கும் தெற்கும் இல்லாமல் நேரே மலையைப் பார்க்கத் திருப்பினான்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு மலையப் பாத்துச் சொல்லு."

அடி அண்ணாமலையில் பிறந்தவர்களுக்குச் சத்தியம் செய்யக் கோயிலும் வேண்டாம், கற்பூரமும் வேண்டாம். மலைக்கு முகம் காட்டி நின்று சொன்னால் அது முடிந்த பேச்சு. வரப்புத் தகராறுகள் அப்படித் தீர்ந்திருக்கின்றன; கல்யாணங்கள் அப்படி நிச்சயமாகியிருக்கின்றன. சொன்னதை மீறியவர் வீட்டில் கை நனைக்கத் தயங்குவார்கள். அருணாதேவி அன்று சொன்னாள். அவன் முகம் தெளிந்ததைக் கண்டு, தான் செய்தது நன்மை என்றே நம்பினாள்.

அடுப்படியில் அவள் மாமியார் தங்கம்மாள் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். மகன் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு பட்டாளத்துக்கே போதுமான அளவுக்குச் சுடுவது அவர் வழக்கம்.

"ஏம்மா அருணா, உம்புருஷன் பெட்டிய தேச்சினு கெடக்கறானே, எதுக்குன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத் தாமே பதிலும் சொன்னார். "நாயப் சுபேதார்னு எழுதறதுக்கு! அடுத்த தபா வரும்போது எம்புள்ள தோள்ல நட்சத்திரம் இருக்கும் பாரு. அப்ப அந்த எதிர்வூட்டு சரோஜா மூஞ்சி எங்க போவுதுன்னு நான் பாக்கணும்."

"முறுக்கு தீயுது அத்தை."

"தீயட்டும். பேச்ச மாத்தாத. நீயும்தான் கொஞ்சம் சிரிச்சா இன்னா? ஊருக்குப் போறவன் எதிர்ல எழவு வூடு மாதிரி மூஞ்சிய வச்சினு."

அருணாதேவியின் அலைபேசி ஒலித்தது. திருமலையின் கம்பெனியில் மூத்தவரான சுபேதார் அருணகிரி. வேலூர்ப் பக்கத்துக்காரர். பட்டாள வழக்கப்படி அவளுக்கும் அவர் 'சாப்'தான். தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் வாழ்த்துச் சொல்ல அழைப்பவர்.

"அம்மா, திருமலை போனு ஆஃப்ல இருக்குது. நாளைக்குக் கெளம்பறான் இல்ல?"

"ஆமாங்க சாப்."

"சரி, சரி." பிறகு குரல் தாழ்ந்தது. "வூட்ல எப்படிம்மா இருக்கான்? மாறன் போனதுல இருந்து ஆளு சரியில்ல. கேட்டா ஒண்ணுமில்ல சாப்னு நிக்கறான். நீ சொல்லு, சாப்பிடறானா? தூங்கறானா?"

மாறன் என்னும் பெயரை அவள் அதற்குமுன் கேட்டதில்லை. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி இன்னதென்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கதவு தானாகவே திறந்து நிற்கிறது. ஒரு சொல் சொன்னால் போதும். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே, தென்னைகளுக்குமேல், மலை முழுதாய் நின்றது.

"நல்லா இருக்காருங்க சாப்," என்றாள்.

"நெசமாவா?"

"ஆமாங்க."

"சரிம்மா," என்றார் அவர். நம்பாத குரல், ஆயினும் நம்புவதைத் தவிர வேறு வழியில்லாதவரின் குரல். அழைப்பு முடிந்தது.

"யாரு, சுபேதாரா?" தங்கம்மாள் முகம் மலர்ந்தது. "நட்சத்திரம் எப்பன்னு கேட்டியா?"

சுரண்டும் ஓசை நின்றுவிட்டிருந்ததை அருணாதேவி அப்போதுதான் உணர்ந்தாள். பின்கட்டுக்கு ஓடினாள். பெட்டியின் மூடி வெறுந் தகரமாக மின்னியது. அவனைக் காணவில்லை.

"கேணிக்குப் போறேன்னு போனான். மோட்டாரு ஃபுட் வால்வ தொடைக்கணுமாம்," என்று உள்ளிருந்து தங்கம்மாள் குரல் கொடுத்தார். "எதுக்குடி இப்படி ஓடற?"

கிரிவலப் பாதையைக் கடந்தால் நிலம். பாதையோரக் கடையில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த பாஞ்சாலை ஏதோ கேட்டாள்; அருணாதேவியின் காதில் விழவில்லை. வரப்பில் ஒருமுறை இடறினாள். கிணற்று மேட்டை அடைந்தபோது விளிம்பில் அவனுடைய செருப்புகள் இருந்தன. ஒன்றோடொன்று ஒட்டி, நுனிகள் நேர்கோட்டில், பட்டாளக் கொட்டடியில் கட்டிலுக்கடியில் வைப்பதுபோல.

எட்டிப் பார்க்க அவளால் இயலவில்லை. பார்க்காமலிருக்கவும் இயலவில்லை.

பழைய காலத்துப் பெரிய கிணறு அது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகள் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும். கடைசிப் படியில் திருமலை உட்கார்ந்திருந்தான். கால்கள் முழங்கால்வரை தண்ணீருக்குள் இருந்தன. ஃபுட் வால்வு பக்கத்தில் இல்லை, ஸ்பானரும் இல்லை. அவனுக்கு நீந்தத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"ஏங்க."

அவன் நிமிரவில்லை. அவள் சுவரைப் பிடித்தபடி இறங்கினாள். அவனுக்கு நாலைந்து படிகள் மேலே நின்றாள். பக்கத்தில் போகவும் அச்சம். எட்டி நிற்கவும் அச்சம்.

"மாறன் யாரு?"

தண்ணீரிலிருந்த கால்கள் அசைந்தன. அவன் பேசினான். முகத்தைத் திருப்பவில்லை, கிணற்றுச் சுவர் அவன் குரலை அவளிடம் கொண்டுவந்தது.

"போளூர்ப் பக்கத்துப் பையன். என் செக்ஷன். பக்கத்துக் கட்டிலு. என்ன 'மலையண்ணா'ன்னுதான் கூப்பிடுவான். பசங்க எல்லாம் எதுன்னாலும் என்கிட்டதான் சொல்வானுங்க. திருவண்ணாமலைக்காரன் மலை மேல சத்தியம் பண்ணா லாக்கர்ல வச்சிப் பூட்டின மாதிரின்னு கிண்டல் பண்ணுவானுங்க. எனக்கும் அதுல பெருமை."

"ம்."

"ஒரு நாளு வந்து ஒக்காந்தான். வாழவே புடிக்கலண்ணா, சாவணும்போல இருக்குதுன்னான். சுபேதார் சாப்கிட்ட சொல்லலாம் வாடான்னேன். அழுதான். என்ன ஊருக்கு அனுப்பிடுவாங்க, எங்க ஐயா மானம் போயிடும், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு மலை மேல சத்தியம் பண்ணுண்ணான்னான்." அவன் உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டினான். "பண்ணேன். எந்தப் பக்கம் மலைன்னுகூடத் தெரியாத பனிக்காட்ல நின்னு, தெக்கப் பாத்துப் பண்ணேன். காப்பாத்தினேன் தேவி. சுபேதார் ரெண்டு தபா கேட்டாரு, பையன் எப்படி இருக்கான்னு. நல்லா இருக்கான் சாப்னேன். அடுத்த வாரம் அவன் டியூட்டியில தனியா நின்னப்ப..."

அவன் தலை தண்ணீரை நோக்கித் தாழ்ந்தது.

நல்லா இருக்கான் சாப். நல்லா இருக்காருங்க சாப். அடுப்படியில் நின்று தான் சொன்ன சொற்கள் கிணற்றுக்குள் தன்னிடமே திரும்பி வந்ததை அருணாதேவி கேட்டாள்.

"மேல வாங்க," என்றாள்.

"நீ போ. வரேன்."

"எப்ப வருவீங்க?"

"வரேன்னு சொல்றேன் இல்ல? போ."

அவள் இடுப்பிலிருந்த அலைபேசியை எடுத்துப் பார்த்தாள். கிணற்றுக்குள் சிக்னல் இல்லை. மேட்டுக்கு ஏறினால்தான் கிடைக்கும். ஏறினால் அவனைத் தண்ணீரோடு தனியே விட்டுப் போகவேண்டும். கத்தினால் கேட்கக்கூடிய தூரத்தில் ஆள் இல்லை. கண்ணை அவன் முதுகிலிருந்து எடுக்காமல் ஒரு படி பின்னால் ஏறினாள். சிக்னல் இல்லை. இன்னொரு படி. இல்லை. கல்லில் முதுகு உரச, அடியைத் தடவித் தடவி ஏறினாள். பாதிக் கிணற்றில், ஒரு படியில், திரையில் ஒரு கோடு தோன்றியது. அங்கே நின்றால் கீழே அவன் தெரிந்தான். மேலே, கிணற்று வட்டத்திற்கு அப்பால், மலையின் உச்சி தெரிந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"யாருக்கு?"

அவள் எண்ணை அழுத்தினாள்.

"தேவி! யாருக்குப் போன் பண்ற?" அவன் எழுந்து நின்றான். படி வழுக்கியது, சுவரைப் பற்றிக்கொண்டான். "மலையப் பாத்து சத்தியம் பண்ணியிருக்க. மறந்துட்டியா?"

"மறக்கல."

"நீ மீறமாட்டன்னுதான் உன்கிட்ட சொன்னேன். உன்ன விட்டா எனக்கு யாரு இருக்காங்க? சொன்னா அப்புறம் எம்மூஞ்சில முழிக்காத!"

மணி ஒலித்துக்கொண்டிருந்தது. அருணாதேவி தலையை உயர்த்தி உச்சியைப் பார்த்தாள். ஒளிந்து மீறுவது அவளுக்குச் சரியாகப் படவில்லை. எதிரில் நின்று சொன்னதை எதிரில் நின்றே மீற எண்ணினாள்.

"உன்னப் பாத்துச் சொன்னேன். இப்ப உன்னப் பாத்தே மீறறேன்," என்று உரக்கச் சொன்னாள். "அதுக்கு வர்ற பாவம் இன்னாவோ, எனக்கு வரட்டும். அவருக்கு வேணாம்."

"அம்மா?" என்றது சுபேதாரின் குரல். "யாருக்கு இன்னா பாவம்?"

"சாப், முன்ன நான் சொன்னது பொய்யி. அவரு நல்லா இல்ல. சாவணும்னு நெனைக்கறாரு. இப்ப கேணிக்குள்ள தண்ணிகிட்ட நிக்கறாரு."

மறுமுனையில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படும் ஓசை கேட்டது. அதற்குப்பின் வந்த குரலில் பதற்றமே இல்லை. அந்த நிதானந்தான் அவளைத் தாங்கியது.

"நீ எங்க நிக்கற?"

"பாதிப் படியில."

"கீழ எறங்காத. நீயும் வுழுந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது. ஸ்பீக்கர்ல போடு. போட்டியா? சரி." குரல் உயர்ந்தது, கிணறு முழுவதும் நிறைந்தது. "ஹவில்தார் திருமலை!"

கீழே தண்ணீர் மட்டும் சலசலத்தது.

"ஹவில்தார் திருமலை! காது கேக்குதா?"

"ஜீ சாப்." நெடுநாளைய பழக்கம் அவன் வாயிலிருந்து தானாகவே வந்தது.

"நாளைக்கு உனக்கு ரயில் கெடையாது. இன்னிக்கே மெட்ராஸ் மிலிட்டரி ஆஸ்பத்திரியில ரிப்போர்ட் பண்ற. டாக்டர் சாப்கிட்ட நான் பேசிடறேன். மேல ஏறி வா."

"சாப், என் கேட்டகிரி..."

"கேட்டகிரி இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்லி உன்ன மேல ஏத்தமாட்டேன். எறங்கினாலும் எறங்கும். அப்புறம் ஏறினாலும் ஏறும். ஆளு இருந்தாதான்டா கேட்டகிரி! மாறனுக்கு இப்ப எந்தக் கேட்டகிரி, சொல்லு?"

திருமலை சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். தோள்கள் குலுங்கின. ஓசை வரவில்லை. தண்ணீரில் ஒரு வட்டம் விரிந்து சுவரைத் தொட்டு மறைந்தது.

"சாப், அவன் என்கிட்ட..."

"வந்து சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. மொதல்ல ஏறு."

அவன் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தான். பிறகு மறு காலை. அவள் இருந்த படியை அடைந்ததும் நின்றான். அவள் கையை நீட்டினாள். அவன் அதைப் பற்றவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி ஏறினான். அவனுக்குப் பின்னால், இடைவெளி விடாமல், அவளும் ஏறினாள்.

வீட்டில் தங்கம்மாளுக்கு, மலையைப் பார்த்துச் செய்த சத்தியம் உட்பட, அரையும் குறையுமாகச் செய்தி புரிந்ததும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"பட்டாளத்துக்கே சொல்லிட்டியாடி? எம்புள்ளைக்குப் பைத்தியம்னு உன் வாயாலயே சொன்னியா? வர்ற பதவிய வாசல்லயே வச்சிக் கொளுத்திட்டியே!"

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து திட்டுங்க அத்தை. இப்ப அவருக்கு ரெண்டு சட்டை எடுத்து வைக்கணும்."

"மலையப் பாத்துச் சொன்னத மீறினவ இந்த வூட்டு அடுப்பத் தொடக்கூடாது. சொல்லிட்டேன்!"

"தொடல."

தங்கம்மாள் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்து, மகனைப் பார்த்தார். கூடத்தின் நடுவில், முழங்கால்வரை நனைந்த கால்சட்டையோடு, உட்கார் என்று யாரேனும் சொன்னால்தான் உட்காருவேன் என்பவன்போல அவன் நின்றுகொண்டிருந்தான். கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. பெற்றவள் பார்வை அந்தக் கைகளில் தங்கியது. கொடியிலிருந்த துண்டை உருவி, குனிந்து, வளர்ந்த மகனின் கால்களைத் துடைக்கத் தொடங்கினார். நட்சத்திரத்தைப் பற்றி அதற்குமேல் அவர் பேசவில்லை.

வாடகைக் கார் ஓட்டும் சகாதேவன் வந்தார். அவரும் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். வாயை மூடாதவர் என்று ஊரில் பெயரெடுத்தவர். திருமலையை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். எங்கே, ஏன் என்று கேட்கவில்லை.

"அந்தப் பக்கக் கதவு சரியா சாத்தாது தம்பி. நடுவுல ஒக்காந்துக்க," என்றார்.

கதவு நன்றாகவே மூடிக்கொண்டது. அருணாதேவி ஒருபுறமும் தங்கம்மாள் மறுபுறமும் அமர்ந்தார்கள். வேங்கிக்கால் கடந்து கார் நெடுஞ்சாலையைப் பிடித்தது. இடையில் அருணாதேவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் தாயின் பக்கம் திரும்பி, "தாகமா இருக்கு," என்றான். தங்கம்மாள் அதை மருமகளின் கையிலிருந்து வாங்கி அவனிடம் கொடுத்தார். அந்தச் சிறிய சுற்று அருணாதேவியின் நெஞ்சை அறுத்தது. ஆயினும் அவன் குடிப்பதை, தொண்டை ஏறி இறங்குவதை, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரி வாயிலில் சுபேதார் முன்னமே பேசியிருந்தது தெரிந்தது. பெயரைச் சொன்னதும் ஓர் ஊழியர் உள்ளே அழைத்துச் சென்றார். டாக்டர் நடுவயதுப் பெண்மணி, சீருடையில் இருந்தார்.

"என்ன விஷயம், சொல்லுங்க," என்றார்.

அருணாதேவி முந்திக்கொண்டாள். "மேடம், இவருக்குத் தூக்கம் இல்லீங்க. கையி..."

டாக்டர் கையை மெல்ல உயர்த்தி அவளை நிறுத்தினார். "அவர் சொல்லட்டும்."

திருமலை தரையைப் பார்த்தான். வெள்ளைச் சுவரைப் பார்த்தான். மூடிய வாயின் தசைகள் இறுகித் தளர்ந்ததை அருணாதேவி கண்டாள். இப்போதும் அவன் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிடலாம். சொன்னால், அவனைக் காக்க அவள் மீறுவதற்கு இனி ஒரு சத்தியமும் இல்லை.

"நீ வெளிய இரு," என்றான். கிணற்றிலிருந்து ஏறியபின் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

அவள் எழுந்தாள். கதவைச் சாத்தினாள். வெளியே பெஞ்சில் தங்கம்மாள் முறுக்குத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

"இன்னாடி சொன்னான்?"

"தெரியல அத்தை. என்ன அனுப்பிட்டாரு."

தங்கம்மாள் ஏதோ முனகினார். பிறகு பெஞ்சில் சிறிது நகர்ந்து இடம் விட்டார். அருணாதேவி அமர்ந்தாள். கதவுக்கு அப்பால் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் விரல்கள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. பிறகு அவன் குரல் எழுந்தது. தடுமாறியது, நின்றது, மறுபடியும் எழுந்தது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவள் காதைத் தீட்டவும் இல்லை. குரல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.